ஹெட்ஸ்டாக்கில் டிரில் வைக்கும் முன் கேளுங்கள்: டியூனர் மாற்றக் கொடுத்த கிட்டார் திரும்பி வந்த கோலம்

எலக்ட்ரிக் கிட்டாரின் டியூனரை (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகை) ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒருவருடைய கிட்டார்: ஆறு டியூனரும் ஒரே வரிசையில் நிற்கும் பழைய பாணி ஹெட்ஸ்டாக் (டியூனர்கள் பொருந்தும் தலைப்பகுதி), மேப்பிள் மரத்தில் நெக் (கழுத்து). கிட்டார் கீழே விழுந்ததில் நாலாவது கம்பியின் டியூனரில் பட்டன் தண்டு வளைந்துவிட்டது. மற்ற ஐந்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடவே, மூன்றாவது கம்பி சுருதியில் நிற்பதில்லை என்றும் கிட்டாருக்கு உரியவர் கடையில் சொல்லியிருக்கிறார். "கியரெல்லாம் தேஞ்சு போச்சு சார், செட்டாவே மாத்திடணும், அப்பதான் நிக்கும்" என்று பதில் வந்திருக்கிறது. அவரும் சரி என்றுவிட்டார்.

திரும்பி வந்த கிட்டாரில் ஆறு துளைகளும் 10 மி.மீ.க்குப் பெரிதாக்கப்பட்டிருந்தன. நான்கு துளைகளைச் சுற்றி வார்னிஷ் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. பின்பக்க ஸ்குரூக்களில் இரண்டின் தலை நகம் பட்டதுமே கையோடு வந்தது. உடல் மரத்துக்குள் முறிந்து கிடக்க, தலையை மட்டும் சூப்பர் குளூ வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய டியூனர்களைத் திருப்பித் தரவில்லை. எதற்காக இத்தனையும் நடந்ததோ, அந்த மூன்றாவது கம்பி அப்போதும் சுருதியில் நிற்கவில்லை.

நிற்காது. அது டியூனரின் கோளாறே இல்லை. டியூனருக்குள் இருப்பது வார்ம் கியர். பட்டனைத் திருப்பினால் போஸ்ட், அதாவது கம்பி சுற்றியிருக்கும் சிறு தூண், சுழலும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் போஸ்ட் பட்டனைத் திருப்பாது. கியர் சற்றுத் தேய்ந்திருந்தால் திருப்பும்போது கொஞ்சம் ஆட்டம் தெரியும், அவ்வளவுதான். சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்தினால் அந்த ஆட்டமும் கம்பியின் இழுப்பில் அடங்கிவிடும். "18:1 போட்டா நழுவாது" என்று சொல்லி விலை கூடிய செட்டைத் தலையில் கட்டுவதும் இதே வகைதான். குரோவர் ரோட்டோமேட்டிக் டியூனரில் 14:1-ம் உண்டு, 18:1-ம் உண்டு; ஷாலர் எம்6 16:1. போஸ்ட் ஒரு சுற்றுச் சுற்ற பட்டனை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும் என்பதுதான் இந்த எண்; எவ்வளவு நுணுக்கமாகத் திருப்பலாம் என்பதைச் சொல்கிறது. பிடித்து நிறுத்துவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 14:1 டியூனரும் நல்ல நிலையில் இருந்தால் அசையாமல் நிற்கும்.

சுருதி நிற்காததற்குப் பெரும்பாலும் காரணம் நட்தான், அதாவது நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரக் காடி வெட்டிய சிறு கட்டை. காடியில் கம்பி இறுகிக்கொள்ளும். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கம்பியைச் சரியாக டியூன் செய்து, 12வது ஃபிரெட்டில் ஒரு முழுச் சுரம் ஏறும்வரை வளைத்து விடுங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கும் டியூனருக்கும் இடையே உள்ள கம்பியை விரலால் ஒரு தடவை அழுத்தி விட்டு மறுபடி மீட்டுங்கள். சுருதி பழைய இடத்துக்குத் திரும்பினால் கம்பி காடியில் சிக்குகிறது என்று அர்த்தம். டியூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவுவதும் அதே அடையாளம்தான். இந்தக் கிட்டாரில் இரண்டுமே இருந்தன. முன்பைவிடத் தடித்த கம்பி மாட்டினாலே இது வந்துவிடும். உதாரணமாக, 0.046 அங்குலக் கம்பிக்குக் காடியின் அகலம் 0.048 முதல் 0.050 அங்குலம் வரை இருக்க வேண்டும். நட் ஃபைலால் சில இழுப்பு, காடியில் கொஞ்சம் பென்சில் கரி, வேலை முடிந்தது. காடியின் ஆழத்தை மட்டும் தொடக் கூடாது. ஆழம் கூடினால் திறந்த கம்பி முதல் ஃபிரெட்டில் மோதி இரையும்.

நட்டில் குற்றம் இல்லையென்றால் போஸ்ட்டில் சுற்றைப் பாருங்கள். கம்பி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மூன்று சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும். அதற்கும் பிறகுதான் டியூனர். போஸ்ட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். போஸ்ட்டைச் சுற்றித் துளையில் இருக்கும் மரை புஷ் (உலோக வளையம்) தளர்ந்திருந்தால் 10 மி.மீ. ஸ்பேனரால் கையளவு இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்றுக்கும் குறைவாக விட்டால் போதும். பட்டன் லொடலொடவென்று சுற்றினால் அதன் நுனியில் ஸ்குரூ இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய வகை டியூனர்களில் பலவற்றுக்கு அந்த ஸ்குரூதான் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. கால் திருப்பில் சரியாகிற இந்த விஷயத்துக்காகவே முழு செட்டை மாற்றியவர்கள் உண்டு. கிளுசன் என்ற பழைய பிராண்டு வகையில் பிளாஸ்டிக் பட்டன் காலப்போக்கில் சுருங்கி நொறுங்கும். பட்டனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், டியூனரைக் கழற்ற வேண்டியதே இல்லை.

நிஜமாகவே கெட்டுப்போன டியூனர் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கரகரத்துத் தாவினால் பல் போயிருக்கிறது. திருப்பும்போது போஸ்ட்டின் நுனி வட்டமடித்தால் போஸ்ட் வளைந்திருக்கிறது. வளைந்த தண்டைக் குறடால் நிமிர்த்தப் போகாதீர்கள், பல சமயம் முறிந்துவிடும். அந்த ஒன்றை மாற்றுங்கள். ஒன்றுதான் மாற்ற வேண்டும்.

இனி துளைக்கு வருவோம், நிஜமான நஷ்டம் அங்கேதான். கிளுசன் பாணி டியூனருக்குத் துளை சுமார் 8.7 மி.மீ. அதில் புஷ் முன்பக்கமிருந்து அழுத்தி இறக்கப்பட்டிருக்கும். இப்போதைய மூடிய வகை டியூனருக்கு 10 மி.மீ. வேண்டும், புஷ் மரையில் முறுக்கி இறுகும். பெரிய துளையில் சிறிய போஸ்ட் போட மாற்று புஷ் கிடைக்கிறது. ஆனால் சிறிய துளையைப் பெரிதாக்கிவிட்டால் பழையபடி ஆக்குவது பெரிய வேலை. அதனால் வாங்குவதற்கு முன் வெர்னியர் காலிப்பரை வைத்துத் துளையையும் போஸ்ட்டையும் அளக்க வேண்டும். பின்பக்க ஸ்குரூவின் இடம், பக்கத்து டியூனரோடு ஸ்குரூவைப் பகிர்கிறதா, அல்லது ஸ்குரூவே இல்லாமல் இரண்டு சிறு பின்கள் மரத்துக்குள் இறங்கும் வகையா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கிட்டாருக்குக் கோட்டோ எஸ்டி91 போல பழைய அளவிலேயே வரும் டியூனர் அப்படியே உட்கார்ந்திருக்கும். மூடிய வகைதான் வேண்டும் என்றாலும், ஹிப்ஷாட் தரும் தாங்கு தகடு போன்றவை இருக்கின்றன, அவற்றுக்குப் புது ஸ்குரூத் துளை தேவையில்லை. கையில் இருந்த செட்டை விற்றாக வேண்டும் என்பதற்காக மரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டிய விதம் அதைவிட மோசம். ஏற்கெனவே துளை இருக்கும் இடத்தில் சாதாரண டிரில் பிட்டை விட்டால், அதை நடுவில் பிடித்து நிறுத்த மரம் இல்லை. பிட்டின் விளிம்பு கவ்விக்கொண்டு சட்டென்று உள்ளே இழுக்கும், சுற்றியுள்ள வார்னிஷைப் பிய்த்துக்கொண்டே போகும். துளையும் நீள்வட்டமாகிவிடும். நீள்வட்டத் துளையில் புஷ் சரியாகப் பிடிக்காது, கம்பியின் இழுப்புக்குப் போஸ்ட் சாயும். துளையைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கூம்பு ரீமரை (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) கையால் திருப்பி, முன்னிருந்து பாதி, பின்னிருந்து பாதி, நாலைந்து திருப்புக்கு ஒருமுறை புஷ்ஷை வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். பழைய புஷ்ஷையும் சுத்தியலால் தட்டித் தள்ளக் கூடாது. சால்டரிங் அயர்னை அதில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கி, பின்னாலிருந்து மரக் குச்சியால் அழுத்தினால் வார்னிஷ் வெடிக்காமல் வரும்.

ஸ்குரூ முறிந்ததற்குக் காரணம், துளையிடாமல் நேராக மேப்பிளில் முறுக்கியது. டியூனர் ஸ்குரூ சுமார் 2 மி.மீ. தடிமன்தான், மேப்பிளோ கெட்டியான மரம். முதலில் 1.5 மி.மீ. பிட்டால் துளை போட வேண்டும், ஆழம் தெரிய பிட்டில் ஒரு டேப் சுற்ற வேண்டும், ஸ்குரூ மரையில் மெழுகு தடவ வேண்டும். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். சாவிபோல் நீண்ட பிடி கொண்ட டிரைவர் வேண்டாம், பவர் டிரைவர் வேண்டவே வேண்டாம். இறுகும் சத்தம் கேட்டதும் கழற்றி இன்னும் கொஞ்சம் மெழுகு பூசுங்கள்.

பழைய டியூனர்களைக் கேட்டு வாங்குங்கள். மூடியில் 'கிளுசன் டீலக்ஸ்' என்று ஒரு வரியிலோ இரண்டு வரியிலோ பொறித்த பழைய செட் என்றால், அது தனியாகவே நல்ல விலை போகும். அந்தப் பொறிப்பை வைத்துத்தான் கிட்டாரின் காலத்தையே கணிக்கிறார்கள். பெரிதாக்கிய துளையும் போன அசல் டியூனர்களும் சேர்ந்து மறுவிற்பனை விலையை வெகுவாகக் குறைத்துவிடும். "அது குப்பைல போட்டாச்சு" என்று ஒரு கடை சொன்னால் நம்பாதீர்கள், விடாமல் கேளுங்கள்.

கொடுக்கும்போதே ஹெட்ஸ்டாக்கை முன்னும் பின்னும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டியூனர்களின் எழுத்து தெரிய வேண்டும். எந்த டியூனர், எந்த மாடல், எத்தனை, துளை போடலாமா கூடாதா, பழையது திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "அளந்து காட்டுங்க" என்று கேட்டதற்கு வெர்னியரை எடுக்காதவரிடம் நெக்கைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பெயர்ந்த வார்னிஷ் பெரும்பாலும் 10 மி.மீ. புஷ்ஷின் வாஷருக்கு அடியில் மறைந்துவிடும், அதற்கு மேல் பெயர்ந்தவற்றைத் தனியாகப் பூச வேண்டும். முறிந்த ஸ்குரூவைப் பல் வெட்டிய மெல்லிய எஃகுக் குழாயால் சுற்றிக் குடைந்து எடுத்து, மேப்பிள் குச்சியை மரப் பசையோடு இறக்கி, ஓர் இரவு காயவிட்டு, 1.5 மி.மீ. துளையைப் புதிதாகப் போட வேண்டும். நீள்வட்டமான துளையையும் அப்படியே மேப்பிள் கட்டையால் முழுதாக அடைத்துவிட்டுத்தான் திரும்பத் துளைக்க வேண்டும். இந்த முறை டிரில் பிரஸ்ஸில், அடியில் வீண் பலகை ஒன்றை இறுக்கிக் கட்டி, 8.7 மி.மீ. அளவில்.