தாத்தாவின் ஆல்பத்தை ஸ்கேன் கடையில் கொடுக்கும் முன்

சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் தாத்தாவின் ஆல்பத்தைத் தீபாவளிக்குள் ஸ்கேன் செய்து உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில், விலையை மட்டும் விசாரித்துவிட்டு ஒரு கடையில் ஒப்படைத்தேன். 186 படங்கள், 260 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சண்டை போட்ட பிறகு பாதிப் பணம் திரும்பி வந்தது.

அது கருப்புத் தாள் ஆல்பம். ஒவ்வொரு படமும் நான்கு காகித முக்குகளில் செருகப்பட்டிருக்க, அதனடியில் தாத்தா வெள்ளைப் பென்சிலால் “தைப்பூசம் 1958, டேங்க் ரோடு, இடது ஓரம் மச்சான்” என்பதுபோல் எழுதிவைத்திருந்தார். கடைக்காரர்கள் படங்களை உருவி, தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் கருவியில் கட்டாகச் செலுத்தியிருக்கிறார்கள்; ஓரம் சுருண்டிருந்த 11 படங்களில் நீளவாக்கில் கீறல். ஆல்பத் தாள்கள் எங்கே என்று கேட்டதற்கு, “எல்லாம் உளுத்துப்போயிருந்துச்சு அண்ணே, போட்டுட்டோம்” என்றார் அங்கிருந்த இளைஞர்.

ரசீதில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள், என்று இருந்தது. இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலப் படம் அந்த அளவில் 1500க்கு 2100 பிக்சல் வர வேண்டும். எனக்கு வந்தவை 750க்கு 1050, அதாவது 300 டிபிஐதான். கோப்புகளின் பெயர் 1 முதல் 186 வரை வெறும் எண்கள். தேதியோ எல்லாவற்றுக்கும் ஸ்கேன் செய்த அதே நாள்.

நான் கேட்காமலேயே மென்பொருளைக் கொண்டு படங்களை ‘அழகுபடுத்தி’யும் இருந்தார்கள். பாட்டியின் மூக்குத்தியைக் கறையென்று கருதி அது துடைத்துவிட்டது. 84 வயதான பெரிய அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, தம்மைப் பெற்றவளையே “யாருப்பா இந்தம்மா?” என்று கேட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்தான். ஆனால் அங்கே கிடைப்பது வெள்ளி, தாத்தாவின் கையெழுத்தன்று. ஆகவே கொடுக்கும் முன்பே ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் எழுத்தோடு முழுதாகக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான கண்ணாடி ஸ்கேனரில் முன்புறமும் பின்புறமும் எடுக்க வேண்டும், திருத்தம் எதுவும் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கி, முதலில் ஐந்து படங்களை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் அத்தை வீட்டில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல, படங்களின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதிவருகிறேன். இதுவரை 73 படங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.