கிரெடிட் கார்டு கடனுக்கு டிக்ரி வந்த பிறகு: ரத்து மனுவா, மேல்முறையீடா, சமரசமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்களில் பலர் கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது அங்கேயே கிரெடிட் கார்டு வாங்கியவர்கள். தவணை நின்றதும் வங்கி அங்கேயே வழக்குத் தொடுக்கிறது. சம்மன் பழைய வாடகை வீட்டுக்குப் போகிறது. ஆள் வராததால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) ஆகிறது. பிறகு அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி பாலக்காடு மாவட்ட நீதிமன்றம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு, நிறைவேற்று மனுவின் (டிக்ரிப் பணத்தை வசூலிக்க வங்கி போடும் மனு) நோட்டீஸ் கைக்கு வரும்போதுதான் பலருக்கும் விஷயமே தெரிகிறது. மாநில எல்லை இதில் பாதுகாப்பாகாது; டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு.

சம்மன் உண்மையிலேயே கிடைக்கவில்லை என்றால், அதே சட்டத்தின் கட்டளை 9, விதி 13இன் கீழ் டிக்ரியை ரத்து செய்யக் கோருவதே முதல் வழி என்பது என் கருத்து. சம்மன் முறைப்படி சார்வு செய்யப்படாத (அதாவது கொண்டுசேர்க்கப்படாத) ஒருவருக்கு, டிக்ரியைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். மற்றவர்களுக்கு டிக்ரி தேதியிலிருந்தே அந்த 30 நாள் ஓடத் தொடங்கிவிடுகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். ஆனால் மனுவை டிக்ரி வழங்கிய கோயம்புத்தூர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். நிறைவேற்றும் நீதிமன்றம் டிக்ரியின் சரி தவறுக்குள் போகாது. இங்குள்ள வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, அங்கே மனுப் போடும் வரை கட்டளை 21, விதி 26இன்படி நிறைவேற்றத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைக்க முடியுமா என்பதைத்தான். விசாரணைத் தேதி முன்பே தெரிந்திருந்து போகாதவருக்கு, சம்மன் சார்வில் இருந்த சிறு குறை மட்டும் கைகொடுக்காது. ரத்து ஆனாலும் கடன் ரத்தாவதில்லை. வட்டி, அபராதக் கணக்கை எதிர்த்து வாதாடும் வாய்ப்புதான் திரும்பக் கிடைக்கிறது.

மேல்முறையீட்டை நான் பின்னுக்கே தள்ளுவேன். மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் கெடு; நீதிமன்றக் கட்டணமும் உண்டு. மேல்முறையீடு செய்ததாலேயே ஜப்தி நின்றுவிடாது. தனியாகத் தடை வாங்க வேண்டும், அதற்குப் பணமோ பிணையோ கட்டச் சொல்வார்கள். மேலும், மேல்முறையீடு முடிவாகிவிட்டால் ரத்து மனுவுக்கு வழியில்லை. வழக்கில் ஆஜராகி வாதாடியும் கணக்கைத் தவறாக ஏற்றுக்கொண்டார்கள் என்பவருக்கே இது பொருந்தும்.

கடன் உண்மை, தொகையும் ஏறத்தாழச் சரி என்றால் சமரசமே நல்லது. டிக்ரிக்குப் பிறகு நீதிமன்றம் தவணை கொடுக்க வங்கியின் சம்மதம் வேண்டும் என்பதால், பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த வழியில் நடக்கும் ஒரு தவறுதான். எங்கள் தெருவில் ஒருவர், வசூலுக்கு வந்தவர் சொன்ன தொகையைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். மறு வருடம் முழுத் தொகைக்கும் நோட்டீஸ் வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே கட்டிய பணம் கட்டளை 21, விதி 2இன்படி பதிவாகவில்லை என்றால், நிறைவேற்றும் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது. வங்கி பதிவு செய்யாவிட்டால் கடனாளியே 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும்; எழுத்துச் சான்று இல்லாமல் அந்த மனு நிற்காது. ஆகவே பணம் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும், ஒப்பந்தக் கடிதம் முதலில் வரட்டும்.

ஒன்றும் செய்யாமல் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்றால், 60ஆம் பிரிவின்படி முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் காக்கப்படும். 8,000 ரூபாய் வரை பிடிக்கலாம், அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம் வரைதான். வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது. சிறை பயத்தைக் காட்டி மிரட்டுவோர் உண்டு. கேரளத்திலிருந்து போன ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், வசதியில்லாமல் கட்டாதவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. அவர்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் சட்டப்பணிகள் குழு வழியாக இலவச வக்கீலும் கிடைப்பார்.