சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சிறுகதைப் பட்டறை: மர்மக் கதை எழுதுகிறவர்கள் போகலாமா?

மர்மக் கதை எழுதச் சொல்லித்தருகிறோம் என்று விளம்பரம் வந்தால், பெரும்பாலும் கடைசிப் பத்தியில் திருப்பம் வைப்பது எப்படி என்பதுதான் பாடமாக இருக்கும். கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் ஞாயிறு மதியம் நடந்த இந்தப் பட்டறையில் முதல் ஒன்றரை மணி நேரம் திருப்பம் என்ற பேச்சே எழவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கட்டணம் 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கோப்பியும் வடையும் சேர்த்து.

வந்தவர்களில் பலர் தங்கமுனை விருதுக்கு அனுப்பக் கதை வைத்திருந்தார்கள். தேசிய கலை மன்றம் 1993 முதல் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் நடத்திவரும் எழுத்துப் போட்டி அது. இங்கே புதிதாக எழுத வருகிறவர்கள் பலரும் அதைத்தான் முதல் இலக்காக வைத்துக்கொள்கிறார்கள்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் தன் கதையைப் படித்தார். இரவு கடைசி ஓட்டம் முடிந்து பணிமனைக்குத் திரும்பும்போது பின் இருக்கையில் ஒரு பை கிடக்கிறது. கதை முழுக்க அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குப் பாதியிலேயே ஆர்வம் வடிந்துவிட்டது. டீச்சர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அண்ணே, சந்தேகப்படும்படி எதைப் பார்த்தாலும் உடனே சொல்லுங்கன்னு எம்ஆர்டி ரயில்ல தினமும் சொல்றாங்க. உங்க ஓட்டுநர் ஏன் இன்னும் சொல்லல?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அவனுக்கு அன்னிக்குப் பணம் தேவைப்படுது டீச்சர். பொண்ணுக்குக் கல்யாணம்.” டீச்சர் உடனே, “அப்போ பையில பணம் இருக்குன்னு முதல் பக்கத்துலயே சொல்லிடுங்க” என்றார். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பைக்குள் என்ன என்ற கேள்வி போய், இந்த மனிதர் என்ன செய்யப்போகிறார் என்ற கேள்வி வந்துவிட்டது. முதல் கேள்வி பையைத் திறந்ததும் செத்துவிடும். இரண்டாவது கேள்விக்கு அவர் ஒவ்வொரு நிறுத்தமாகக் கடக்கும்போதும் உயிர் கூடும்.

இதை விளக்க டீச்சர் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொண்டார். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது வரலாறு. குற்றவாளிகளான சகோதரர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கின்றன. ராஜராஜன் 985-ல் அரியணை ஏறியதும் பள்ளிப் பாடத்தில் வருகிறது. இவ்வளவும் தெரிந்த நிலையில்தான் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த அந்தத் தொடருக்கு மக்கள் வாராவாரம் காத்திருந்தார்கள். நந்தினியின் மனதில் என்ன ஓடுகிறது என்பதுதான் அவர்களைப் பிடித்து வைத்தது என்றார் டீச்சர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. குத்தியது யார் என்று கல்கி அறுதியிட்டுச் சொல்லவில்லை. அந்த வாதம் இன்றுவரை நடக்கிறது.

அப்புறம் ஒரு பயிற்சி. 11-ஆம் மாடியில் குடியிருப்பவர் அடுக்குமாடி புளோக் லிஃப்ட்டில் 9-ஆம் மாடிக்கு அழுத்துகிறார். காரணத்தைச் சொல்லாமல் ஒரு பக்கம் எழுத வேண்டும். பாலிடெக்னிக் மாணவி ஒருவர் எழுதியது இன்னும் மனதில் இருக்கிறது. 11-ஆம் மாடியில் லிஃப்ட் கதவுக்கு எதிரே ஒரு பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “என் மகனைப் பார்த்தீங்களா?” என்று கேட்கிறார். இவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி வழியாக ஏறிப் பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைகிறார். மகனுக்கு என்ன ஆனது, இவருக்கு என்ன தெரியும்? ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்தச் செருப்பை அவர் கையில் எடுத்த விதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாவற்றையும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாவலுக்கு அது சரி. எட்டுப் பக்கச் சிறுகதையில் ஒன்றையாவது கடைசிவரை பிடித்து வைக்க வேண்டும். அது அந்த மனிதர் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளாத விஷயமாக இருந்தால் இன்னும் நல்லது. கதைசொல்லிக்கு நன்றாகத் தெரிந்ததை எழுத்தாளர் மூடி மறைத்தால் வாசகருக்கு ஏமாற்றப்பட்ட எரிச்சல்தான் மிஞ்சும்.

குறைகளும் உண்டு. பதினாறு பேரைச் சேர்த்துவிட்டு ஐந்து பேரைத்தான் படிக்கவிட்டார்கள். காசு கொடுத்து, கதையும் கொண்டுவந்து, வாயே திறக்காமல் திரும்பியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உரையாடலையும் அத்தியாய முடிவையும் கடைசி இருபது நிமிடத்தில் அடைத்துவிட்டார்கள். கொடுத்த நகல்கள் எல்லாமே சென்னைக் கதைகள். இத்தனை ஆண்டுகளாக இங்கே எழுதிக்கொண்டிருப்பவர்களின் ஒரு கதைகூட இல்லை. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைக் கூட்டம் தெரிந்ததுதானே, பின்வரிசைக்குப் பாதிப் பேச்சு கேட்கவில்லை.

கையில் முடித்த கதை இருந்தால் தயங்காமல் போகலாம். சீக்கிரம் போய் முன்வரிசையில் உட்காருங்கள், படிக்க விரும்புவதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்னும் எதுவும் எழுதாதவர்கள் ஒரு கதையை எழுதிவிட்டு அடுத்த முறை போகலாம். இரண்டு ஞாயிறுகளாகப் பிரித்து, பத்துப் பேரோடு நடத்தினால் 120 வெள்ளி கேட்டாலும் நான் கொடுப்பேன்.