அல்டோவுக்குப் பிரேக் பூட்டிய கொக்குவில் கராஜ்

எங்களுடைய அல்டோவின் பிரேக் பெடல் இரண்டு மாதமாகப் பஞ்சு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. வேறொரு இடத்தில் (பெயர் வேண்டாம்) முன் சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பர் இரண்டுக்கும் ரபர் கிற் மாற்றின பிறகுதான் இந்தக் கூத்து. திருப்பிக் கொண்டுபோனால் பிரேக் ஒயில் ஊற்றி எயர் எடுத்துவிடுவார்கள் (குழாய்க்குள் நிற்கிற காற்றை வெளியேற்றுவது), வீட்டுக்கு வந்து சேர முன்னமே பழையபடி இறங்கிவிடும். ஒருநாள் பண்ணைப் பாலத்தில் முன்னால் மாடு ஒன்று வந்து நிற்க, பெடலை மூன்று தரம் மிதித்துத்தான் காரை நிறுத்தினேன். அதோடு சரி என்று யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற சின்னக் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் அண்ணை முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எயர் எடுக்கிற நிப்பிள் இரண்டு பக்கமும் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. இடது கலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள்! "தம்பி, காத்து மேலதானே நிக்கும், நிப்பிள் கீழ கிடந்தா நீர் ஒரு பீப்பா ஒயில் ஊத்தினாலும் வெளியால வராது" என்றார். இதற்காகவா இரண்டு மாதம் அலைந்தேன்?

கலிப்பரை இடம் மாற்றி, டிஸ்க்கோடு உரசுகிற பாட்டையும் புதிதாகப் போட்டது சுருக்காக முடிந்தது. கலிப்பர் வழுக்கி அசைகிற கம்பிப் பின்னுக்குச் சிலிக்கன் கிறீஸ்தான் பூசினார், சாதாரண கிறீஸ் பட்டால் ரபர் ஊதிப்போகுமாம்.

பின் சக்கர ட்ரம்தான் பாதி நாளைத் தின்றது, அதற்குள்தான் உரசிக் காரை நிறுத்துகிற வளைந்த சூக்கள் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுவார், மற்றப் பக்கத்தைத் தொடமாட்டார், எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் கொழுவுகிறது என்று சந்தேகம் வந்தால் அங்கே எட்டிப் பார்க்கலாம். சூ தேயும் அளவுக்கு இடைவெளியைக் குறைக்கிற அட்ஜஸ்டரும் இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று, மாறிப் போட்டால் சூ தேயத் தேயத் தானாக இறுகாது. உள்ளே இருந்த தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரமாகவே கழுவி எடுத்தார். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கிறது, அதை மூக்கால் இழுக்கிற கராஜுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் இடது பக்கத்தில் கசிந்து சூ ஊறிப்போய்க் கிடந்தது. பெற்றோலால் துடைத்துத் திரும்பப் போடலாமா என்று கேட்டேன், முறைத்தார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன பாதிப் போத்தல் ஒயிலையும் வேண்டாம் என்றுவிட்டார். திறந்து வைத்த ஒயில் ஈரத்தை இழுக்கும், பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகிப் பெடல் திரும்பப் பஞ்சாகும். புது ரின் திறந்து, பின் இடது சக்கரத்திலிருந்து தொடங்கி, நான் பெடல் மிதிக்க அவர் எயர் எடுத்தார். கடைசியாக ஹான்ட் பிரேக் கேபிளையும் பிடித்துவிட்டார். இப்போது பெடல் பாதிக்கு மேலேயே கல்லு மாதிரி நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சாமான் ஒன்றும் அங்கே இல்லை, நான்தான் ரவுணுக்கு இரண்டு தரம் ஓடினேன், இரண்டாவது தரம் சூவைக் கொண்டுவந்தால் அளவு பிழை. பில் எழுதித் தரமாட்டார். கூலி 6,500 ரூபாய் வாய்க்கணக்குத்தான், ஆனால் ஒரு நாள் முழுக்க முழங்காலில் நின்று செய்த வேலைக்கு அது அதிகமில்லை. இருக்கிறதற்கு ஒரு பழைய வான் சீற்றுத்தான், அதிலும் பூனை படுத்திருக்கும்.

புது பாட்டும் சூவும் படியும்வரை சில நாளைக்குச் சடாரென்று பிரேக் அடிக்காமல் மெதுவாக ஓடச் சொன்னார், ஓடுகிறேன். போகிறவர்கள் விடிய 8 மணிக்கே போய்விடுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு வருகிற காருக்கு அவர் ஜக் அடிக்கமாட்டார்.