லடாக்கா, ஸ்பிட்டியா?

இமயத்தின் குளிர்ப் பாலைவனத்தைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் லடாக்குக்கும் ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கும் நடுவில்தான் தயங்கி நிற்பார்கள். இரண்டு இடத்திலும் மரமில்லாத மலை, பௌத்த மடங்கள், வறண்ட காற்று. பெரிய வித்தியாசம் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது. நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

டெல்லியில் விமானம் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் லடாக்கின் தலைநகர் லே. சமவெளியில் இருந்த உடம்பு திடீரென 3,500 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். முதல் இரண்டு நாள் லேயிலேயே சும்மா இருக்க வேண்டும். விடுமுறை குறைவு என்று மறுநாளே கர்துங் லா கணவாய்க்கு வண்டி ஏறுகிறார்கள். அது 5,300 மீட்டருக்கும் மேல். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஸ்பிட்டிக்கு விமானம் கிடையாது. சிம்லா வழியாகப் போனால் கின்னௌரின் ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டி, கல்பா, நாகோ, தாபோ என்று தங்கித் தங்கி, ஸ்பிட்டியின் தலைமை ஊரான காஸாவுக்கு ஏறலாம். உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். மணாலி வழி தூரம் குறைவுதான். ஆனால் 4,551 மீட்டர் உயரக் குன்சும் லா கணவாயைச் சட்டென்று கடக்க வேண்டும், சாலையும் மோசம். அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். சந்திரதால் ஏரியும் அந்தப் பக்கம்தான்.

காட்சியின் பிரம்மாண்டத்தில் லடாக்கை மிஞ்ச முடியாது. பாங்காங் ஏரியின் நீலம் மணிக்கொரு தரம் மாறும். நூப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் மணல்மேடுகள், இரட்டைத் திமில் ஒட்டகங்கள். அதையும் தாண்டி துர்துக் வரை போனால் பால்டி முஸ்லிம்களின் ஆப்ரிகாட் தோட்டங்கள். 1971 போரில்தான் இந்த ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரே பயணத்தில் இத்தனை வகை நிலமும் மக்களும் ஸ்பிட்டியில் கிடையாது.

கலை என்று வந்தால் என் மனம் தாபோ பக்கம். கி.பி. 996-இல் எழுப்பிய மடம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண் கட்டடம். உள்ளே இருட்டில் கண் பழகியதும், சுவரிலிருந்து பிதுங்கி அந்தரத்தில் அமர்ந்திருப்பது போன்ற சுதை உருவங்களும், அவற்றைச் சுற்றி ஓவியங்களும் மெல்லத் தெரியும். புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை, அதுவும் நல்லதுதான். லடாக்கில் இதற்கு ஈடு சொல்ல ஆல்ச்சி மடம் ஒன்றுதான். அங்கே ஓவியம் இன்னும் நுணுக்கமானது, ஒரு சிலையின் வேட்டி மடிப்புக்குள் ஒரு நகரமே வரைந்திருப்பார்கள். ஹெமிஸ் மடத்தின் முகமூடி நடனம் பார்க்க ஆசைப்பட்டால் ஜூன், ஜூலை வாக்கில் வரும் திருவிழா தேதியைப் பார்த்து லடாக் போங்கள்.

சாகசத்துக்கு இரண்டுமே போதும். பைக் ஓட்டவும், மார்க்கா பள்ளத்தாக்கில் நாள்கணக்கில் நடக்கவும் லடாக். கிராமத்திலிருந்து கிராமத்துக்கு நடந்து வீடுகளில் தங்க, ஸ்பிட்டியின் லாங்சா, கோமிக், டெமுல். லாங்சாவில், இமயம் எழும் முன் இங்கிருந்த டெத்திஸ் கடலின் புதைபடிவங்கள் கிடக்கும். குழந்தைகள் விற்க வந்தால்கூட வாங்காதீர்கள், அவை அந்த மலையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். ஸ்பிட்டியில் அந்தத் தடை இல்லை, ஆனால் காஸாவைத் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது.

ஒரு வாரம்தான் லீவு என்றால் லடாக், அதுவும் லேயைச் சுற்றி மட்டும். பத்து நாளுக்கு மேல் இருந்தால், முதல்முறை மலையேறுகிறவர்களுக்கு நான் ஸ்பிட்டியைத்தான் சொல்வேன். மணாலி வழியாகவே திரும்ப நினைத்தால் ஜூலைக்கும் செப்டம்பர் இறுதிக்கும் நடுவில் போங்கள். பனி விழுந்துவிட்டால் குன்சும் லா மூடிவிடும்.