கீகிளோக் லாகினைப் பார்த்துக்கொள்கிறது, மீதி நம் கையில்

"லாகின் பக்கத்தை நானே எழுதிவிடுகிறேன், இரண்டு நாள் வேலைதான்" என்று யாராவது சொல்லக் கேட்டால் எனக்கு உடனே பதற்றமாகிவிடும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னேன், அந்த இரண்டு நாள் வேலை எங்கள் டீமில் மூன்று வருடம் இழுத்தது. பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு லிங்க் அனுப்பினோம். அந்த லிங்க் ஒருமுறை பயன்படுத்திய பிறகும் வேலை செய்துகொண்டே இருந்ததை ஒரு வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அப்புறம் ஓடிபி வந்தது. அப்புறம் பெரிய வாடிக்கையாளர்கள், தங்கள் ஊழியர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் அலுவலகக் கணக்கை வைத்தே உள்ளே வர வேண்டும், அதற்கு சாம்ல் என்ற முறை வேண்டும் என்று கேட்டார்கள். சாம்ல் செய்தியில் வரும் எக்ஸ்எம்எல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கோடை எழுத உட்கார்ந்த அன்றுதான், இது நாம் கை வைக்கக்கூடாத இடம் என்று உறைத்தது. அதற்குப் பிறகு மாறியதுதான் கீகிளோக். இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்துவிட்டேன், இப்போது அதைப் பற்றித் தெளிவாக எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. நம் ஆப்களுக்காக லாகினைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் சர்வர் இது, ரெட் ஹாட் நிறுவனம் ஆரம்பித்த ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட், முதல் பதிப்பு 2014 செப்டம்பரில் வந்தது, அப்பாச்சி 2.0 உரிமம், 2023 ஏப்ரலில் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் அதை ஏற்றுக்கொண்டது. லாகினுக்கும் அனுமதிக்கும் பொதுவாகப் பயன்படும் நெறிமுறைகளான ஓஆத் 2.0, ஓப்பன்ஐடி கனெக்ட், சாம்ல் 2.0 மூன்றும் பேசும். நிறுவனங்கள் ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் எல்டாப் டைரக்டரியில் இருக்கும் ஆட்களையும் இணைத்துக்கொள்ளும். நம் ஆப் பயனரைக் கீகிளோக்கின் லாகின் பக்கத்துக்கு அனுப்பும், அங்கே அவர் உள்ளே நுழைந்ததும் அவர் யார் என்று சொல்லும், கையொப்பமிட்ட டோக்கன் ஒன்று நமக்குத் திரும்பி வரும், அவ்வளவுதான். நம் டேட்டாபேஸில் பாஸ்வேர்டு என்று ஒன்றே இருக்காது.

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பெரிய நிம்மதி. பாஸ்வேர்டை எப்படி ஹாஷ் செய்வது, அதாவது திரும்ப எடுக்க முடியாத வடிவில் மாற்றிச் சேமிப்பது என்பது ஒருமுறை முடிவு செய்துவிட்டு மறந்துவிடும் விஷயம் இல்லை, கம்ப்யூட்டர்கள் வேகமாக ஆக ஆக அதுவும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கீகிளோக்கில் ஒரு காலத்தில் பிபிகேடிஎஃப்2 முறையில் 27,500 சுற்றுகள் இருந்தன. 24-ஆம் பதிப்பில் அதே குடும்பத்தின் வலுவான வடிவத்துக்கு மாறி 210,000 சுற்றுகள் ஆக்கினார்கள். 25-ஆம் பதிப்பில் ஆர்கான்2 வந்துவிட்டது, ஒவ்வொரு ஹாஷுக்கும் 7 எம்பி நினைவகம் கேட்கும், அதனால் கிராஃபிக்ஸ் கார்டுகளை அடுக்கி வைத்து ஊகித்துப் பார்ப்பவர்களுக்குச் செலவு ஏறும். பழைய பயனர் அடுத்த முறை லாகின் செய்யும்போது அவருடைய ஹாஷும் தானாகப் புது முறைக்கு மாறிவிடும். நாங்கள் சொந்தமாக எழுதிய காலத்தில் இப்படி ஒரு மாற்றத்தை ஒருமுறைகூடச் செய்ததில்லை. நேரமே கிடைத்ததில்லை என்பதுதான் உண்மை.

நிறுவுவது எளிது. டெவலப்மென்ட் மோடில் ஒரே கமாண்டில் எழுந்துவிடும், எச்டிடிபியில், உள்ளேயே இருக்கும் எச்2 டேட்டாபேஸுடன். அதையே அப்படியே சர்வரில் ஏற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ப்ரொடக்‌ஷன் மோடில் ஹோஸ்ட்நேம் எங்கே, டிஎல்எஸ் சான்றிதழ் எங்கே என்று கேட்டுக் கிளம்பவே மறுக்கும். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. இப்போது எனக்கு அதில் மிகவும் பிடித்த குணமே அந்தப் பிடிவாதம்தான்.

சரி, இனி சிக்கலான இடத்துக்கு வருகிறேன், இதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

டோக்கனுக்குள் ஆடியன்ஸ் என்று ஒரு புலம் உண்டு. இந்த டோக்கன் யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதை அது சொல்லும். புதிதாக ஒரு கிளையன்டை (கீகிளோக்கில் ஒரு ஆப்புக்கான பதிவை) உருவாக்கி டோக்கன் வாங்கிப் பார்த்தால், அந்தப் புலத்தில் பெரும்பாலும் 'அக்கவுன்ட்' என்று மட்டும் இருக்கும், டோக்கனை வாங்கிப் பார்த்துத் தரவைக் கொடுக்கும் நம் ஏபிஐயின் பெயர் இருக்காது. நம் பக்கத்தில் டோக்கனைச் சரிபார்க்கும் லைப்ரரி ஒழுங்காக வேலை செய்தால், இது எனக்கான டோக்கன் இல்லை என்று 401 என்ற மறுப்புப் பதிலை அனுப்பும். அந்த 401-ஐப் பார்த்த டெவலப்பர் என்ன செய்வார்? தேடுவார், எங்கோ ஒருவர் "ஆடியன்ஸ் சரிபார்ப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள், வேலை செய்யும்" என்று எழுதியிருப்பார், வேலையும் செய்யும். நாங்கள் அதைத்தான் செய்தோம். எங்களிடம் ரிப்போர்ட்டுக்கு ஒரு சர்வீஸ், பில்லிங்குக்கு ஒரு சர்வீஸ், இரண்டும் ஒரே ரெல்மில், அதாவது பயனர்களையும் ஆப்களையும் சேர்த்து வைக்கும் ஒரே பிரிவில் இருந்தன. எட்டு மாதம் கழித்து டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், ரிப்போர்ட் பக்கத்துக்காகக் கிடைத்த டோக்கனை எடுத்து பில்லிங் ஏபிஐக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். கேள்வியே கேட்காமல் பதில் வந்தது. கையொப்பம் சரி, காலாவதி ஆகவில்லை, கொடுத்தது நம் கீகிளோக்தான், அதனால் உள்ளே விட்டுவிட்டது. வெளியார் யாரும் அதைப் பயன்படுத்தியதற்கான தடயம் லாகுகளில் இல்லை, ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரியான வழி ஒன்றும் கஷ்டமானது இல்லை. ஒவ்வொரு ஏபிஐக்கும் ஒரு கிளையன்ட் ஸ்கோப் (டோக்கனில் என்ன ஏற வேண்டும் என்ற செட்டிங் தொகுப்பு) உருவாக்கி, அதில் ஆடியன்ஸ் புலத்தில் அந்த ஏபிஐயின் பெயரை எழுதும் ஆடியன்ஸ் மேப்பர் ஒன்றைச் சேர்த்து, அந்த ஏபிஐ தேவைப்படும் ஆப்புக்கு மட்டும் அந்த ஸ்கோப்பைக் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஆவணத்திலும் இருக்கிறது. ஆனால் முதல் முறை வருபவரின் கண்ணில் படும் இடத்தில் இல்லை, இது கீகிளோக்கின் குறை என்றுதான் சொல்வேன்.

இதோடு ஒட்டியே இன்னொன்று. 'ஃபுல் ஸ்கோப் அலவ்டு' என்று ஒரு சுவிட்ச், புதிய கிளையன்டுக்கு ஆரம்பத்திலேயே ஆன் ஆகி இருக்கும். அப்படியே விட்டால் அந்தப் பயனருக்கு ரெல்ம் முழுக்க எங்கெங்கே என்னென்ன ரோல் இருக்கிறதோ அத்தனையும் ஒரே டோக்கனில் ஏறி வரும். சின்ன நோட்டீஸ் போர்டு ஆப்புக்கு அட்மின் ஒருவர் உள்ளே வந்தால்கூட, அவருடைய பில்லிங் அட்மின் ரோலும் அந்த டோக்கனில் பயணம் செய்யும். அந்தச் சின்ன ஆப்பில் ஒரு ஓட்டை இருந்தால் போதும். புதிய கிளையன்ட் போட்டவுடன் நான் முதலில் அணைப்பது இந்தச் சுவிட்சைத்தான்.

லாகின் முடிந்ததும் பயனர் திரும்பி வரும் ரீடைரெக்ட் முகவரியின் கடைசியில், எது வந்தாலும் சரி என்ற பொருளில் நட்சத்திரக் குறி போடலாம் என்று கீகிளோக் அனுமதிக்கிறது. டெவலப்மென்டின்போது வசதி, ப்ரொடக்‌ஷனில் ஆபத்து. 2025 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 9700, ஓஆத் பாதுகாப்புக்கான இன்றைய நடைமுறை என்ன என்று சொல்லும் ஆவணம், அதில் ரீடைரெக்ட் முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று இருக்கிறது. பயனரின் பாஸ்வேர்டை ஆப்பே வாங்கி டோக்கன் சர்வருக்கு அனுப்பும் முறையைப் பயன்படுத்தவே கூடாது என்றும் இருக்கிறது. கீகிளோக்கில் அந்த முறையின் பெயர் டைரக்ட் ஆக்சஸ் கிராண்ட், தேவையில்லாத கிளையன்ட்களில் அணைத்து வையுங்கள். பிக்ஸி என்று சொல்கிறோமே, 2015-இல் ஆர்எஃப்சி 7636-ஆக வந்தது, லாகின் முடிந்ததும் டோக்கன் வாங்குவதற்காக ஆப்புக்கு வரும் ஆத்தரைசேஷன் கோடை நடுவில் யாராவது திருடினாலும் அதை வைத்து டோக்கன் வாங்க முடியாதபடி செய்வது, பிரவுசரிலும் மொபைலிலும் ஓடும் ஆப்களுக்கு அது கட்டாயம் என்கிறது அதே ஆவணம். கீகிளோக் பிக்ஸியைத் தாங்கும், ஆனால் அந்த கிளையன்டுக்கு அதைக் கட்டாயமாக்கும் செட்டிங்கை நாம்தான் போட வேண்டும்.

பாஸ்வேர்டை மாற்றி மாற்றி முயன்று பார்ப்பவர்களைத் தடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் புது ரெல்மில் அணைந்திருக்கும். லாகின் நிகழ்வுகளைச் சேமிப்பதும் அணைந்திருக்கும், அட்மின் செய்யும் மாற்றங்களைச் சேமிப்பதும் அப்படியே. ஏதாவது நடந்த பிறகு போய்த் தேடினால் ஒன்றும் இருக்காது. அப்புறம், மாஸ்டர் ரெல்மில் உங்கள் ஆப்பை வைக்காதீர்கள், அது மற்ற ரெல்ம்களை நிர்வகிப்பதற்கு மட்டும். அட்மின் பக்கத்தின் பாதையை கீகிளோக்குக்கு முன்னால் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸியிலேயே வெளியுலகத்துக்கு மூடிவிடுங்கள்.

எக்ஸ்போர்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அட்மின் பக்கத்திலிருந்து ரெல்மை எக்ஸ்போர்ட் செய்தால் கிளையன்ட் சீக்ரெட் (அந்த ஆப்பின் ரகசியச் சொல்) இருக்கும் இடத்தில் நட்சத்திரங்கள் வரும். கமாண்ட் லைனில் செய்தால் சீக்ரெட் அப்படியே வரும், பயனர்களைச் சேர்த்தால் அவர்களின் ஹாஷும் வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் அந்தக் கோப்பை, கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் கமிட் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்து ஒரு பயனும் இல்லை, வரலாற்றில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். சீக்ரெட்டையே மாற்ற வேண்டும்.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் கீகிளோக் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. உள்ளே வந்தவர் யார் என்று அது சொல்லும். 1042-ஆம் இன்வாய்ஸ் அவருடையதா என்று அதற்குத் தெரியாது. முகவரியில் 1042-ஐ 1043 என்று மாற்றினால் அடுத்தவருடைய இன்வாய்ஸ் திறக்கிறதா என்பது முழுக்க நம் கோடைப் பொறுத்த விஷயம். இணைய ஆப்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 ஆபத்துப் பட்டியலில் உடைந்த அணுகல் கட்டுப்பாடுதான் முதல் இடம், லாகின் தொடர்பான தவறுகள் ஏழாவது இடம். நல்ல லாகின் சர்வர் ஒன்றை வைத்துவிட்டு முதல் இடத்தை மறந்துவிடும் டீம்களை நான் பார்த்திருக்கிறேன். கீகிளோக்குக்குள்ளேயே ஆத்தரைசேஷன் சர்வீஸ் என்று ஒரு பகுதி உண்டு, ஆனால் ஒவ்வொரு இன்வாய்ஸையும் அதில் பதிந்து வைப்பது எங்களுக்கு ஒத்துவரவில்லை. டேட்டாபேஸ் கேள்வியிலேயே வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்துவிட்டோம், அந்த எண் டோக்கனிலிருந்து மட்டுமே வரும், முகவரியிலிருந்து வராது.

டோக்கனைச் சரிபார்க்கும் கோடை நீங்களே எழுதாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் பல ஜேடபிள்யூடி (இந்த டோக்கனின் வடிவம்) லைப்ரரிகளில் இருந்த ஓட்டைகள் வெளியே வந்தன. டோக்கனின் தலைப்பில் அல்காரிதம் 'நன்' (எதுவும் இல்லை) என்று எழுதிவிட்டால் கையொப்பமே இல்லாத டோக்கனை ஏற்றுக்கொண்டன, சிலவற்றில் பொதுச் சாவியையே ரகசியச் சாவியாக நம்பவைக்க முடிந்தது. இன்று நன்றாகப் பராமரிக்கப்படும் லைப்ரரிகள் அதைத் தடுக்கின்றன. அப்படியிருந்தும் எந்த அல்காரிதத்தை ஏற்கலாம் என்று கோடில் நாமே வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. கீகிளோக் ஆரம்பத்தில் ஆர்எஸ்256-இல் கையொப்பமிடுகிறது, அதை மட்டும் அனுமதித்தால் போதும்.

லாகவுட் பற்றி ஒரு வார்த்தை. ஆக்சஸ் டோக்கனின் ஆயுள் ஆரம்பத்தில் 5 நிமிடம். ஒருவரை வேலையிலிருந்து நீக்கி, அவர் கணக்கை அணைத்த பிறகும், நம் ஏபிஐ டோக்கனைத் தானே சரிபார்த்துக்கொண்டால் அந்த 5 நிமிடம் வரை அவர் உள்ளேதான் இருப்பார். பெரும்பாலான இடத்துக்கு இது போதும். பணம் நகரும் இடத்தில் மட்டும் நாங்கள் ஒவ்வொரு முறையும் கீகிளோக்கிடமே கேட்டுவிடுகிறோம். தொல்லையாக இருக்கிறது என்று யாராவது அந்த 5 நிமிடத்தை 12 மணி நேரம் ஆக்கினால் சண்டை போடுங்கள்.

குறைகளும் உண்டு. சின்ன சர்வரில் ஓடாது, ஒரு பாடுக்கு (ஓடும் ஒரு பிரதிக்கு) அடிப்படையாகவே 1250 எம்பி நினைவகம் என்று ஆவணமே கணக்குச் சொல்கிறது. 2022-இல் 17-ஆம் பதிப்பில் அதுவரை அடித்தளமாக இருந்த வைல்ட்ஃபிளையை விட்டு குவார்க்கஸுக்கு மாறினார்கள், அதில் முகவரியில் இருந்த 'ஆத்' என்ற பாதையே போய்விட்டது, அதை நம்பியிருந்த கிளையன்ட் எல்லாம் மாற வேண்டியிருந்தது. 25-இல் ஹோஸ்ட்நேம் செட்டிங்குகள் மாறின, 26-இல் முதல் அட்மினை உருவாக்கும் மாறிகளின் பெயர் மாறியது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் அப்கிரேடு குறிப்பை வரி வரியாகப் படிக்க ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். பழைய பதிப்பிலேயே தங்கிவிடலாம் என்றால் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காது. லாகின் பக்கத்தின் தோற்றத்தை மாற்ற ஃப்ரீமார்க்கர் டெம்ப்ளேட் எழுத வேண்டும், அதில் அதிகம் கை வைத்தால் அடுத்த அப்கிரேடில் அதுவும் உடையும், அதனால் நாங்கள் நிறத்தையும் லோகோவையும் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொண்டோம்.

டீமில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்றால் இதை எடுக்காதீர்கள், கட்டணம் கொடுத்து ஒரு சேவையை வாங்குவது அதைவிடப் பாதுகாப்பானது. லாகின் சர்வர் விழுந்தால் எல்லா ஆப்பும் சேர்ந்து விழும், அதற்கு ராத்திரி எழுந்திருக்க ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறார், மூன்று நான்கு ஆப்கள் இருக்கின்றன, வாடிக்கையாளர் சாம்ல் கேட்கிறார் என்றால் தயங்காமல் எடுக்கலாம், நான் மறுபடியும் இதையேதான் எடுப்பேன்.

இப்போது எங்கள் டீம் கணக்குகளுக்கு மட்டும் பாஸ்வேர்டுக்குப் பதிலான பாஸ்கீயைத் திறந்திருக்கிறோம், கைரேகை வைத்தால் உள்ளே போய்விடலாம். போலி லாகின் பக்கத்தில் ஏமாந்து எதையாவது தட்டச்சு செய்துவிடும் பயம் அதில் இல்லை, ஏனென்றால் அந்தச் சாவி வேறு முகவரியில் வேலையே செய்யாது. போன் தொலைந்தால் மீட்டெடுப்பது எப்படி என்பதை முடிவு செய்த பிறகுதான் வாடிக்கையாளர்களுக்குத் திறக்கப் போகிறோம். இப்போதைக்கு ஆளுக்கு இரண்டு பாஸ்கீ என்று வைத்திருக்கிறோம், ஒன்று போனில், இன்னொன்று யுஎஸ்பி சாவியில்.