முதல் பேஸ் ஆம்ப்: வீட்டுக்கு ரம்பிள் 25

பேஸ் கிட்டார் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, வீட்டில் இருக்கும் சாதாரண கிட்டார் ஆம்ப்பே (கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) போதாதா என்றுதான். மெதுவாக வாசித்தால் சரி. சத்தத்தை ஏற்றினால் அந்தச் சின்ன ஸ்பீக்கர் தாங்காது. பேஸின் தடித்த ஈ கம்பி எழுப்பும் ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ், ரொம்பத் தாழ்ந்த ஒலி. அதற்கென்றே செய்த ஸ்பீக்கர் வேண்டும்.

நான் வைத்திருப்பது ஃபெண்டர் ரம்பிள் 25. 25 வாட், 8 அங்குல ஸ்பீக்கர். பத்து கிலோவுக்குள்தான் எடை, ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அதனால் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஹெட்போன் வசதி. செருகியதும் ஸ்பீக்கர் அடங்கிவிடும், ராத்திரி எத்தனை மணிக்கும் வாசிக்கலாம். ஆக்ஸ் என்ற, வெளியிலிருந்து பாட்டை உள்ளே விடும் துளையில் போனை இணைத்து, ஞாயிறு ஆராதனைப் பாடல்களை ஓடவிட்டுக் கூடவே வாசிக்கிறேன்.

ஆம்ப்பில் தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பிவிடாதீர்கள். எங்கள் அறையில் கீழ் ஸ்தாயி ஜி ஸ்வரத்தைத் தொட்டாலே இரும்பு பீரோ கதவு கடகடவென்று அதிரும். ஆம்ப்பைத் தரையிலிருந்து முக்காலிக்கு மாற்றி, நடுத்தர ஒலிக்கான மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றினேன். அப்புறம்தான் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்டது. ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் எனக்குத் தேவைப்படவில்லை.

டிரம்ஸோடு வாசிக்க இது பத்தாது. வீட்டுக்கு மட்டும்தான், கையில் காசும் குறைவு என்றால் இதன் தம்பி ரம்பிள் 15 போதும். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் உங்கள் கிட்டாரையே எடுத்துப்போய், ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பி, கரகரப்பு வருகிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.